அப்புத்துரை ஐயாவின் காதும் காஸ்ரிக் குளிசையும்

1

இந்தக் கதை ஒரு துண்டுத் தாளால் வந்தது. அந்தத் தாளைக் கொடுத்தவள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து "உவ ஒளிச்சுப்போட்டா" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஒட்டுசுட்டானில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாமசி. முதலாளி ஸுஹைர் நானா. மருந்து படித்தவர் அவர்தான். நான் கௌசலா, அவர் எடுத்துத் தருவதை உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுப்பவள். கடையில் ஆள் இல்லாதபோது பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் கதை எழுதுவேன். "நம்மட பில் புத்தகம் முடியிற வேகத்தப் பார்த்தா நல்ல வியாபாரம் எண்டு ஆக்கள் நினைப்பாங்க" என்பார் நானா. அதற்கு மேல் தடை சொன்னதில்லை.

ஆவணி மாதம் ஒருநாள் அப்புத்துரை ஐயா வந்தார். அறுபத்தேழு வயது, வயல் செய்கிற கமக்காரர், எதைத் தவறவிட்டாலும் காஸ்ரிக் குளிசையைத் தவறவிடாதவர்.* குளிசையை வாங்கிவிட்டு, உழவு மெஷின்காரரின் நம்பரை எழுதிக்கொள்ள ஒரு துண்டுத் தாள் கேட்டார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வருமே, எறும்பு எழுத்தில் அச்சடித்த தாள், அப்படி ஒன்று மேசையில் கிடந்தது. அதன் ஓரத்தில் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிய அதே குளிசையின் தாள் அது என்பதை நான் கவனிக்கவில்லை.

வவுனியாவில் ஆங்கிலம் படிப்பிக்கும் அவருடைய மகள் தாட்சாயினி அந்தக் கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். நம்பரை வாசிக்கச் சொல்லித் தகப்பன் நீட்டிய தாளை அவள், படிப்பிக்கிற பழக்கத்தில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துத் தமிழில் விளக்கினாள். மிக அரிதாக வரக்கூடியவை என்ற பகுதியில் காதிரைச்சலும் இருந்தது.

அப்போது அப்புத்துரை ஐயாவுக்கு இரண்டு வருடமாகக் காது இரைந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் காலையிலிருந்து அவர் குளிசையை விழுங்கவில்லை.

* நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், வயிற்றுப் பொருமல், மாமியாரோடு சண்டை பிடித்த பிறகு வரும் ஒருவித அந்தரம், இத்தனைக்கும் எங்கள் ஊரில் ஒரே பெயர் காஸ்ரிக், அதற்குப் போடும் மாத்திரை காஸ்ரிக் குளிசை. டொக்டர்கள் வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றை அவர்களே வைத்திருக்கட்டும்.

2

கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும். எழுதிப் பார்த்தவற்றை வெட்டாமல் தருகிறேன்.

முதல் தொடக்கம்: "அப்புத்துரையரின் இடது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருந்தது." [சிறுவர் மலர். வேண்டாம்.]

இரண்டாம் தொடக்கம்: "வைகறையின் பொன்னிறக் கதிர்கள் ஒட்டுசுட்டான் வனத்தைத் தழுவிய வேளை" [இந்த ஊரில் ஒருவரும் வைகறை என்று சொல்லி நான் கேட்டதில்லை. காட்டை எதுவும் தழுவியும் நான் பார்த்ததில்லை, மூடுபனியைத் தவிர.]

மூன்றாம் தொடக்கம்: "அந்த மாசி மாதத்தில் முதல் ஷெல் வந்து விழுந்தபோது" [நிறுத்து.]

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சஞ்சிகை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்திருந்தார். வன்னிச் சிறப்பிதழ் போடுகிறார்களாம்.

"உங்கட அனுபவத்தை எழுதுங்கோ, தங்கச்சி. வன்னி அனுபவம்."

"காஸ்ரிக் குளிசையைப் பற்றி எழுதுறன், ஐயா."

ஆசிரியர் மெதுவாகக் கேட்டார். "அதிலை ஏதும் குறியீடு இருக்கோ?"

இல்லை என்றேன். காஸ்ரிக் குளிசை காஸ்ரிக் குளிசைதான் என்றேன். அவர் மனம் உடைந்து தொலைபேசியை வைத்தார். அன்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். இந்தக் கதையில் அது, ஷெல் விழுந்த அந்தக் காலம், வரக் கூடாது. எங்கள் ஊரில் ஒருவருக்குக் காலில் முள் குத்தினால்கூட அதை அந்த வருடத்தோடு முடிச்சுப்போட்டு அச்சடிக்கக் காத்திருக்கிறார்கள். ஒரு மனிதர் வெறும் வயிற்றுக் கோளாறோடு ஒரு கதைக்குள் நுழைந்து, வெறும் வயிற்றுக் கோளாறோடு வெளியே போக எங்களுக்கும் உரிமை உண்டு. சட்டத்தை மீறும் வசனங்களை இப்படி அடைப்புக்குள் நிறுத்திவிடுவேன். எத்தனை தடவை நிறுத்த வேண்டிவந்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

3

ஆக, தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

அப்புத்துரை ஐயாவின் வயல் காட்டு ஓரத்தில் இருக்கிறது. கதிர் முற்றுகிற காலத்தில் யானை வரும். கமக்கார அமைப்பு ஆட்களை முறைபோட்டுக் காவல் கொட்டிலில் இருத்தும். மற்றவர்கள் கையில் ரோச் லைற்றோடு இருப்பார்கள். அப்புத்துரை ஐயா காதோடு இருப்பார். "தெற்குப் பக்கம். மூண்டு. அதிலை ஒண்டு குட்டி" என்பார். வெளிச்சம் அடித்துப் பார்த்தால் மூன்று நிற்கும், ஒன்று குட்டியாக இருக்கும். இதைப் பார்த்தவர்கள் இருபது பேர் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நம்புகிறேன். குட்டி என்று எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "அது குழப்படி, பிள்ளை. தாய் மிதிக்காத கொப்பை அது மிதிக்கும்" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் இடது காதில் "ஈ" என்று ஒரு சத்தம் தொடங்கியது. முதல் வருடம் முழுக்க அதைச் சில்வண்டு என்றே நினைத்திருந்தார். காட்டு ஓரத்தில் இருப்பவருக்கு அது நியாயமான நினைப்புத்தான். "இந்த முறை வண்டு கூடிப்போச்சு" என்று கமக்கார அமைப்பில் முறைப்பாடுகூடச் செய்தார். கூட்டக் குறிப்பிலும் அது பதிவாகியிருக்கிறதாம். பிறகு மகளைப் பார்க்க வவுனியாவுக்குப் போனார். மாடி வீடு, சுற்றிவர மரம் இல்லை. வண்டு அங்கேயும் வந்திருந்தது.

போன மாசியில் அவர் காவல் முறையில் இருந்தபோது பக்கத்துக் கமக்காரர் சஜீவனின் வயலுக்குள் யானை இறங்கி அரை ஏக்கரைத் தின்றுவிட்டுப் போனது. அப்புத்துரை ஐயா தூங்கவில்லை. விழித்திருந்து, கவனமாகக் காது கொடுத்து, ஒன்றும் கேட்காமல் இருந்தார். சஜீவன் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் யாரோ, "ஐயா இனித் தேத்தண்ணிப் பொறுப்பைப் பாக்கட்டுமே, வயசுதானே" என்றார்களாம். ஒருவரும் ஏசவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போனது.

இந்தக் கதையில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஐப்பசி விதைப்புக்கு முன்னால் புதிய காவல் பட்டியல் போடுவார்கள். அதற்குள் அவருக்கு அவருடைய காது திரும்ப வேண்டும்.

4

இப்போது கொஞ்சம் கட்டுரை. வாசிக்கப் பஞ்சிப்படுகிற சோம்பல்காரர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம், அங்கே ஒரு கோழி இருக்கிறது.

அப்புத்துரை ஐயா அந்தக் குளிசையை ஆசைக்குப் போடுகிறவர் இல்லை. நாலு வருடத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து, இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின் கொடுத்தார்கள். அஸ்பிரின் நெஞ்சைக் காப்பாற்றி வயிற்றைக் கடித்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். அன்றிலிருந்து அஸ்பிரினுக்குக் காவலாகக் காஸ்ரிக் குளிசை. காவலை எடுத்துவிட்டு அஸ்பிரினை மட்டும் போட்டால் வயிறு மறுபடி கசியும் என்று ஸுஹைர் நானா எனக்கு விளக்கினார்.

சரி, அந்தக் குளிசையால் காது இரையுமா? என் போனில் தேடினேன். நீண்ட காலம் இந்தக் குளிசைகளைப் போடுகிறவர்களுக்குக் காதிரைச்சல் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்று சிலர் எண்ணிப் பார்த்துச் சொல்கிறார்கள். வேறு சிலர் எண்ணிப் பார்த்து, அப்படித் தெரியவில்லை என்கிறார்கள். இதனால்தான் அது என்று ஒருவரும் அறுதியாகச் சொல்லவில்லை. குளிசை போடுகிறவர்களுக்கு வயதும் கூட, வேறு குளிசைகளும் கூட. போதாததற்கு அஸ்பிரினும் அளவு கூடினால் காது இரையுமாம். அவருடையது சின்ன அளவுதான் என்றாலும், ஒரே உறைக்குள் இரண்டு சந்தேக நபர்கள்!

"தாளில இருக்கே?" என்று நானாவிடம் கேட்டேன்.

"தாளில எல்லாம் இருக்கும். வயித்தோட்டமும் வரும் எண்டு இருக்கும், மலச்சிக்கலும் வரும் எண்டு இருக்கும். அந்தத் தாள நீ ஏன் குடுத்த? அத வாசிச்சா எனக்கே என்ட கடையில மருந்து வாங்கப் பயம்."

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். குளிசை நேர்மையான சாமான். என்னென்ன கெடுதல் செய்யக்கூடும் என்று தானே எழுதி, மடித்து, பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருகிறது. இந்த ஊரில் எங்களுக்கு வந்து சேர்ந்த வேறு எதுவும் அப்படி ஒரு தாளோடு வரவில்லை. அதனால் யாருக்காவது ஏதாவது நடந்தால், தாள் வைத்திருப்பதையே பிடிக்கிறோம். [இந்தப் பந்தி சட்டத்தின் எல்லையில் நிற்கிறது. விட்டுவைக்கிறேன்.]

5

கோழி.

புரட்டாதியில் அப்புத்துரை ஐயாவின் மனைவி நாகேஸ்வரி அன்ரி கடைக்கு வந்தார். கடைக்குள் ஆள் குறையும் மட்டும் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, காஸ்ரிக் குளிசை கோழிக்கு ஒண்டும் செய்யாதோ?"

"கோழிக்கு நெஞ்செரிவோ, அன்ரி?"

"விசர்க் கதை கதையாதை. மனுசன் மூண்டு கிழமையா நான் குடுக்கிற குளிசையைக் கொடுப்புக்குள்ள ஒளிச்சு வைச்சுக்கொண்டு போய் வாழையடியிலை துப்பியிருக்கிறார். வெள்ளைப் பேடு ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு வாழையடியிலை வந்து நிக்குது. நான் இண்டைக்குத்தான் கண்டனான்."

"பேடு எப்பிடி இருக்கு?"

"அதுக்கென்ன குறை, முட்டை இடுது. மனுசன்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டு திரியுறார். கேட்டா, 'கறி உறைப்பு' எண்டு என்னிலை பிழை பிடிக்கிறார்."

சிரித்தேன். அன்ரி சிரிக்கவில்லை.

"நாலு வருசமா விடிய எழும்பி என்ரை கையாலைதான் குடுத்தனான், பிள்ளை. உண்மையா அதுதான் அவரின்ரை காதைக் கெடுத்ததோ? சொல்லு."

பார்த்தீர்களா, இவ்வளவு நேரம் இது அவருடைய காதைப் பற்றிய கதை என்று நினைத்திருந்தேன். அன்ரியின் கையைப் பற்றிய கதையும்தான். நான் அவசரமாக, "சீச்சீ, அப்பிடி இல்லை" என்றேன். அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதற்காக வெட்கப்படுகிறேன்.*

* கோழி உண்மை. வெள்ளை நிறம் மட்டும் நான் கொடுத்தது. உண்மையில் அது பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம்.

6

இனி வருவதுதான் எனக்குச் சிக்கல். இதில் என் பாத்திரத்தை நானே நம்பவில்லை.

வைகாசியில், தாள் வருவதற்கு மூன்று மாதத்துக்கு முன், அப்புத்துரை ஐயா காதைக் காட்டக் கிளினிக்குக்குப் போயிருந்தார். அன்ரி பக்கத்தில் இருந்தார். அன்று நடந்ததை அன்ரிதான் எனக்குச் சொன்னார். டொக்டர் மலையகத்துப் பெண்பிள்ளை, புதிதாக வந்தவர், பொறுமையானவர். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"ஐயா, நீங்க எப்பவாவது பலத்த சத்தத்துக்குக் கிட்ட வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இல்லை."

"வேலையின்னு இல்லாட்டியும் பரவால்ல. வேற எங்கயாவது, பெரிய சத்தம்?"

"இல்லைப் பிள்ளை. நாங்கள் கமக்காரர். எங்கட இடம் நல்ல அமைதி."

டொக்டர் அதை அப்படியே கிளினிக் கொப்பியில் எழுதினார். சத்தப் பாதிப்பு இல்லை. காதுப் பரிசோதனைக்குத் திகதி கொடுத்தார். அது தை மாதத்தில். இப்படித்தான் சத்தம் வழக்கிலிருந்து விடுதலையானது. பிறகு என் தாள் போய்ச் சேர்ந்தபோது குளிசை மட்டும்தான் கூண்டில் நின்றது.

இதை எந்த வாசகர் நம்புவார்? காவல் கொட்டிலில் யானைவெடி கொளுத்தி எறிகிறவர் அவர். திரியைப் பற்றவைத்து, எண்ணி, எறிய வேண்டும். சிலது எறிய முதலே வெடிக்கும். அதற்கு முன் முப்பது வருடம் லான்ட் மாஸ்ரர் என்கிற கை உழவு மெஷின் ஓட்டினார். அதற்கு நடுவில் [நிறுத்து]

முதல் வரைவில் அவரை "ஓம்" என்று சொல்லவைத்தேன். சொன்ன உடனே பாத்திரம் செத்துப்போனது. இரண்டாம் வரைவில் அவர் சற்று மௌனித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, கண்கலங்கி "இல்லை" என்றார். அன்ரியிடம் வாசித்துக் காட்டினேன். "ஜன்னலோ? அந்த அறையிலை ஜன்னலே இல்லை. வெத்திலை போடுவியளோ எண்டு கேட்டா இல்லை எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னவர். டக்கெண்டு" என்றார்.

"நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி?"

"வாயைத் திறந்தனான். எதிலை துவங்குறது எண்டு தெரியேல்லை. மூடியிட்டன்."

அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மனிதர் இதை எப்படி மறப்பார்? மறக்கவில்லை என்றால் ஏன் பொய் சொன்னார்? அடுத்த நாள் கடையில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு நடத்தினேன். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களாகப் பார்த்து, மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டே, பாமசியில் வழக்கமாகக் கேட்கிற கேள்விபோல் ஒவ்வொருவரையும் கேட்டேன். "எப்பவாவது பலத்த சத்தத்துக்குக் கிட்ட இருந்திருக்கிறீங்களோ?"

ஏழு பேரைக் கேட்டேன். ஆறு பேர் டக்கென்று இல்லை என்றார்கள். ஏழாவது ஆள் ஓம் என்றார். கையில் இருந்த உறையைக் கீழே வைத்தேன். சொல்லுங்கோ என்றேன். "கோயில் திருவிழாவுக்கு எங்கட வேலிக்குப் பக்கத்திலை ஸ்பீக்கர் கட்டினவங்கள். பத்து நாள், பிள்ளை! மனுசர் இருக்கேலாது" என்றார்.

கடை ஓய்ந்த பிறகு எட்டாவது ஆளாக என்னையே கேட்டேன். நான் தர்மபுரத்தில் வளர்ந்தவள். அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. தர்மபுரத்தில் இருந்து விசுவமடு, விசுவமடுவில் இருந்து [நிறுத்து]

நானும் இல்லை என்றேன். டக்கென்று.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. சத்தம் என்றால் அது எங்களுக்கு ஸ்பீக்கர், மில், உழவு மெஷின். மற்றதை ஒருவரும் சத்தம் என்ற பெயரில் எடுத்துவைக்கவில்லை. அன்று மாலை அப்புத்துரை ஐயாவை ஒரு பாத்திரமாக முழுசாக நம்பினேன். என்னை நம்புவதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

7

முடிவுகள். மூன்று எழுதினேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

முடிவு அ: குளிசையை நிறுத்திய முப்பதாம் நாள் காலை அவர் கண் விழிக்கிறார். அமைதி. வாழையிலையில் பனி சொட்டுவது கேட்கிறது. [இது அச்சில் வந்தால் ஒட்டுசுட்டானில் பாதிப் பேர் குளிசையை நிறுத்துவார்கள். வாழையடிகளில் கோழிகள் நிரம்பும். ஒருவராவது இரத்த வாந்தி எடுப்பார். ஸுஹைர் நானா என்னை வேலையில் இருந்து நிறுத்துவார், அது நியாயமும்கூட.]

முடிவு ஆ: வயிறு மறுபடி கசிகிறது. அன்ரி முச்சக்கர வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஓடுகிறார். [அரைப் பக்கம் எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பொன்னாங்காணிப் பிடி கொண்டுவந்து தருகிற மனிதரைக் கதைக்காகக்கூட அப்படிப் படுக்கவைக்க முடியவில்லை. கிழித்தேன். பின்பக்கத்தில் யாருடைய பில்லோ இருந்தது, அதுவும் போய்விட்டது.]

முடிவு இ: தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும் அப்புத்துரை ஐயா, காலடியில் நிலம் அதிர்வதை உணர்கிறார். யானை! காது போனாலும் கால் இருக்கிறது! ஊரே காப்பாற்றப்படுகிறது. [சிறப்பிதழ் ஆசிரியர் இதற்குக் கண்ணீர் விடுவார். ஆனால் யானை பூனையைவிட மெத்தென்று நடக்கும், நிலம் அதிராது என்று எனக்குச் சொன்னவரே அப்புத்துரை ஐயாதான்.]

இப்படி நான் முடிவு தேடிக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு சாட்டு. செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தாளைக் கொடுத்தவள் நான், போய் அவரோடு கதைக்க வேண்டியவளும் நான். ஐந்து நாளாகக் கதை எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

8

முந்தைய வசனத்தை எழுதி முடிக்கவும் அவர் கடைக்குள் வந்தார். கதைகளில் இப்படி நடந்தால் எனக்கே பிடிக்காது. ஆனால் பதினொன்றரைக்கு முல்லைத்தீவு பஸ் வரும், அதிலிருந்து இறங்குகிறவர்கள் எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முகத்தைப் பார்த்தேன். வெளிறியிருக்கிறதா, வெயிலா என்று தெரியவில்லை. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் வெளிக்குப் போவது கறுக்கும், கேட்கத்தான் வேண்டும். கடையில் ஐந்து பேர் நின்றார்கள்.

"ஐயா, வெளிக்குப் போறது கறுப்பாப் போகுதோ?"

"என்ன பிள்ளை?"

"கறுப்பாப் போகுதோ?"

"ஆர் போறது?"

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இடது பக்கம் நின்ற நான் வலது பக்கம் போய், முழுத் தொண்டையில் கேட்டேன். "மலம்! கறுப்போ!"

ஐந்து பேரும் திரும்பினார்கள். ஐயாவும் அதே தொண்டையில் பதில் சொன்னார். "சீ! நல்ல மஞ்சள்!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உள்ளே இருந்து ஸுஹைர் நானா. கடை சிரித்தது, ஐயாவும் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

மற்றவர்கள் போன பிறகு அவரைக் கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தாள், அஸ்பிரின், கசிவு. கோழியைப் பற்றி அன்ரி சொல்லிவிட்டார் என்பதையும் சொன்னேன். அதற்கு மட்டும் தலையைக் குனிந்தார்.

"அப்ப குளிசையை விட்டா உது நிக்காதோ?"

"தெரியாது, ஐயா."

"குளிசையாலைதான் வந்ததோ?"

"அதுவும் தெரியாது. ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. டொக்டர் வேணுமெண்டா வேற குளிசை மாத்தித் தருவா. நீங்களா நிப்பாட்டினா வயிறு கசியும். அது மட்டும் தெரியும்."

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "தெரியாது எண்டு சொன்ன முதல் ஆள் நீதான். மற்ற எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்" என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இந்த முறையும் தேத்தண்ணிதான் போல" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவருக்குத் தெரியக் கூடாது என்று அலுமாரிப் பக்கம் திரும்பிக் குளிசை எடுத்தேன். ஒன்றைக் கையில் வைத்து, தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார்.

"நாளைக்குக் கிளினிக் நாள்தானே, ஐயா. டொக்டர் சத்தம் எண்டு கேட்டவா. நீங்கள் இல்லை எண்டு சொல்லிப்போட்டியள். அதைத் திருத்த வேணும்."

"சத்தமோ? என்ன சத்தம்?"

"ஆனைவெடி?"

அவர் என்னைப் பார்த்தார். "அட!" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு, "நீதானே கதை எழுதுறனி. டொக்டருக்கு ஒரு துண்டு எழுதித் தா. எனக்கு முன்னுக்கு நிண்டு சொல்ல வராது. கொப்பிக்குள்ள வைச்சு நீட்டுறன்" என்றார்.

பில் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

1. லான்ட் மாஸ்ரர். முப்பது வருடம்.

2. நெல் மில்லில் வேலை. இரண்டு வருடம்.

3. யானைவெடி. ஒன்பது வருடம். ஒரு போகத்துக்கு நாற்பது, ஐம்பது.

4. கோயில் ஸ்பீக்கர். வருடத்துக்குப் பத்து நாள். ("அதையும் போடு. டொக்டர் சிரிக்கட்டும்.")

அவர் நாலோடு நிறுத்தினார். நான் பேனையை மூடவில்லை.

"மற்றதையும் போடவோ, பிள்ளை?"

"போடுங்கோ, ஐயா."

"எல்லாத்துக்கும் வருசம் போட்டனி. அதுக்கு எத்தினை நாள் எண்டு போடுறது?"

நான் ஐந்து என்று இலக்கம் போட்டேன். எங்கள் குடும்பம் எண்ணிய நாட்கள் எனக்குத் தெரியும். ஐயாவின் வீட்டார் எண்ணியது வேறாக இருக்கும். எந்த நாளில் இருந்து எண்ணுவது, எந்த இடத்தில் நிறுத்துவது? அதன் பெயரை எப்படி எழுதுவது? லான்ட் மாஸ்ரருக்குக் கீழே, ஸ்பீக்கருக்குக் கீழே, அதே கையெழுத்தில் எழுதலாமா? என் சட்டம் அதற்குள் செத்துப்போய்விட்டது, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கதையை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடுவேன். இந்தத் துண்டை நிறுத்த முடியாது, இதை வைத்துத்தான் நாளைக்கு அந்த டொக்டர் பிள்ளை அவருடைய காதைப் பார்க்கப் போகிறாள்.

ஐயா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். வாசலில் நின்று என் கையையே பார்க்கிறார். டொக்டருக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், நீளமாக எழுத முடியாது. வாசிக்கிற நீங்கள் யாராவது, அங்கே இருந்தவர்களோ இல்லாதவர்களோ, ஒரு வரியில் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

5.